படிக்கத் திணறுற பிள்ளைக்குப் பார்வைல சிக்கல் இருக்கான்னு வீட்லயே கவனிக்கிறது எப்படி

என் பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது கண் டெஸ்ட்ல 6/6னு வந்துச்சு, கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அப்போ இது சோம்பேறித்தனம்தான்னு நானா முடிவு பண்ணி ஒரு வருஷம் அவனைத் திட்டிட்டே இருந்தேன், அது இன்னிக்கும் மனசுல உறுத்துது. அந்த 6/6ங்கிறது 6 மீட்டர் தள்ளி இருக்கிற எழுத்து தெளிவா தெரியுதான்னு மட்டும்தான் சொல்லும். புக்கு இருக்கிறது 30, 40 சென்டிமீட்டர்ல. அங்க ரெண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கமா திரும்பணும், ஃபோகஸ் பிடிச்சு நிக்கணும், வரில ஒரு இடத்துல கால் செகண்ட் நின்னு அடுத்த இடத்துக்குத் தாவணும், வரி முடிஞ்சா சரியா அடுத்த வரியோட தொடக்கத்துக்கு வரணும், இதெல்லாம் ஆனப்புறம் மூளை அந்த வடிவத்தை இது இன்ன எழுத்துன்னு பிரிச்சு எடுக்கணும். இதுல எது தடுமாறினாலும் சார்ட் டெஸ்ட்ல பெரும்பாலும் தெரியாது. தூரப்பார்வை பவர் (கிட்ட இருக்கிறதப் பாக்க கண்ணு கூடுதலா சிரமப்படுற பிளஸ் பவர்) இருக்கிற பிள்ளைங்ககூட கண்ண இறுக்கி ஃபோகஸ் பண்ணி சார்ட்டை முழுசா படிச்சிடும்.

பிள்ளை தானா வந்து சொல்லும்னு காத்திருக்காதீங்க. பொறந்ததுலேருந்து அதுக்குத் தெரிஞ்சது அந்தப் பார்வை மட்டும்தான், எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சுக்கும். "எழுத்து ஆடுதா?"ன்னு கேட்டா ஆமான்னு தலையாட்டிடும், அதனால "எழுத்து ஒரே இடத்துல நிக்குதா, இல்ல நகருதா, எப்பவாச்சும் ரெண்டா தெரியுமா?"ன்னு சாதாரணமா கேளுங்க.

அடுத்து, எப்ப தப்பு வருதுன்னு பாருங்க. முதல் 5 நிமிஷம் நல்லா படிச்சிட்டு 15 நிமிஷத்துல சொதப்புதா, கண்ண கசக்குதா, தலைய சாய்ச்சு வச்சோ ஒரு கண்ண மூடிட்டோ படிக்குதா, வரிய விட்டுட்டுப் போகுதா, வீட்டுப்பாடம் பண்ற நாள்ல மட்டும் தலைவலி வருதா? இதெல்லாம் ரெண்டு கண்ணும் கிட்டத்துல சேர்ந்து வேலை செய்யலைங்கிறதுக்கான அறிகுறியா இருக்கலாம். ஒரு பேனாவ முகத்துக்கு நேரா ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு, முனையப் பாக்கச் சொல்லி, மெதுவா மூக்குகிட்ட கொண்டு வாங்க. பேனா இன்னும் 10 சென்டிமீட்டருக்கு மேல தள்ளி இருக்கும்போதே ஒரு கண்ணு வெளிப்பக்கமா விலகினாலோ ரெண்டா தெரியுதுன்னு சொன்னாலோ டாக்டர்கிட்ட காட்டணும். இது கன்வர்ஜென்ஸ் இன்சஃபிசியன்சியா இருக்கலாம், அதாவது கிட்டத்துல பாக்கும்போது ரெண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கமா திரும்பத் திணறுறது. இன்னொரு நாள் ஒரு கண்ண கையால மூடிப் படிக்க வச்சுப் பாருங்க, அப்போ சுலபமா இருக்குன்னா அதையும் குறிச்சு வைங்க.

மூளை பக்கச் சிக்கல் வேற மாதிரி இருக்கும். ஒரு அட்டைல தனியா எழுதின வார்த்தைய டக்குனு படிக்கும், அதே வார்த்தை பக்கம் முழுக்க எழுத்து இருக்கிற இடத்துல வந்தா காணாம போயிடும். நெறைய பொம்மை கிடக்கிற பெட்டில கேட்ட பொம்மை கண்ணுக்கு முன்னாடி இருந்தும் கிடைக்காது. வாயால ஸ்பெல்லிங் சரியா சொல்லும், பார்த்து எழுதச் சொன்னா எழுத்து விட்டுப்போகும், வரி ஏறி இறங்கும். குறைமாசத்துல பொறந்த பிள்ளைன்னா இதை ரொம்ப கவனமா பாருங்க, அவங்களுக்கு செரிப்ரல் விஷுவல் இம்பேர்மென்ட் வர வாய்ப்பு அதிகம், இதுல கண்ணு நல்லா இருந்தாலும் மூளை அந்தக் காட்சியப் புரிஞ்சுக்கிற இடத்துலதான் தடங்கல். ஆனா தனி எழுத்து தெரிஞ்சு நெருக்கமா இருந்தா தெரியாம போறது சோம்பேறிக் கண்ணுலயும் (சின்ன வயசுல ஒரு கண்ணுல பார்வை சரியா வளராம போறது) வரும், அதனால நீங்களா பேர் வச்சிடாதீங்க.

தப்போட வகைதான் எனக்கு ரொம்ப உதவுச்சு. ப-வை ய-ன்னு, துணைக்கால ர-ன்னு, கீ-யோட மேல் சுழிய கவனிக்காம கி-ன்னு படிச்சா அது வடிவத்தப் பாக்கிறதுல வர்ற தப்பா இருக்கலாம். ஆனா ன-ண, ல-ள, ர-ற மாத்தி எழுதுறத இந்தக் கணக்குல சேக்காதீங்க, பேசும்போது கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கிறதால பெரியவங்களே மாத்துவோம். கெ, பே மாதிரி எழுத்துல கொம்பு முன்னாடி நின்னு சத்தம் பின்னாடி வர்றதால ஆரம்பத்துல எல்லாப் பிள்ளைங்களும் தடுமாறும். இங்கிலீஷ்ல சின்ன b-ய d-யா திருப்புறதும் 7 வயசு வரைக்கும் சாதாரணம்தான்.

இப்ப புக்க மூடி வைங்க. "மரம்ங்கிறதுல முதல் எழுத்த எடுத்துட்டா என்ன மிஞ்சும்?", "பல்லு மாதிரியே முடியுற வார்த்தை ஒண்ணு சொல்லு" இப்படி விளையாட்டா கேளுங்க. எழுத்தே இல்லாத இதுலயும் திணறினா சிக்கல் பெரும்பாலும் சத்தத்தப் பிரிக்கிறதுல இருக்கு, டிஸ்லெக்ஸியாவுல (அறிவு நல்லா இருந்தும் படிக்க, எழுதத் திணறுற கற்றல் சிக்கல்) அடிப்படைல பெரும்பாலும் நடக்கிறது அதுதான், அதுக்கு ஸ்பெஷல் எஜுகேட்டர் (இப்படித் திணறுற பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் பயிற்சி எடுத்த ஆசிரியர்) வேணும், கண்ணாடி இல்ல. அமெரிக்கால குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009ல சேர்ந்து வெளியிட்ட அறிக்கைல, டிஸ்லெக்ஸியாவுக்குக் காரணம் கண் இல்ல, கலர் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் ஆதாரம் இல்லன்னு தெளிவா சொல்லிருக்காங்க. கன்வர்ஜென்ஸ் சிக்கலுக்குப் பயிற்சி உண்டு, ஆனா அங்கயும் 2008ல 221 பிள்ளைங்கள வச்சு நடந்த ஆய்வுல வீட்ல பேனாவ மூக்குகிட்ட கொண்டுவர்ற பயிற்சி டம்மி சிகிச்சையவிட மேல வரல, கிளினிக்ல செஞ்ச பயிற்சிதான் பலன் குடுத்துச்சு. 2019ல வந்த அடுத்த ஆய்வுல 16 வார கிளினிக் பயிற்சில கண்ணு சேர்ந்து வேலை செய்யுறது நல்லா ஆச்சு, படிச்சுப் புரிஞ்சுக்கிறது மட்டும் டம்மி சிகிச்சை எடுத்தவங்களவிட கூடல. பயிற்சி எடுத்தா மார்க் ஏறும்னு யாராச்சும் உறுதி குடுத்தா பணத்த கட்டிடாதீங்க. டிஸ்லெக்ஸியாவும் கண் சிக்கலும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம், அப்போ ரெண்டுக்கும் தனித்தனியா பாக்கணும்.

ரெண்டு வாரம் நோட்டுல எழுதுங்க, எத்தன மணிக்கு, எத்தன நிமிஷத்துல, என்ன தப்பு. அத எடுத்துட்டு குழந்தைகள் கண் டாக்டர்கிட்ட போய், சொட்டு மருந்து விட்டு பவர் பாக்கிறது, கிட்டப் படிக்கிற பார்வை, ரெண்டு கண்ணும் சேர்ற டெஸ்ட், ஃபோகஸ் டெஸ்ட் எல்லாம் வேணும்னு வாய்விட்டுக் கேளுங்க. திடீர்னு ரெட்டையா தெரிஞ்சாலோ, புதுசா மாறுகண் வந்தாலோ, கண்ணு நடுவுல இருக்கிற கறுப்பு வட்டம் (கண் பாப்பா) வெள்ளையா தெரிஞ்சாலோ, காலைல வாந்தியோட தலைவலி வந்தாலோ நோட்டு எழுதிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே டாக்டர்.

அதுவரைக்கும் எழுத்த பெருசா பிரிண்ட் எடுத்து, வரிக்கு வரி இடைவெளி விட்டு குடுங்க, அட்டைல ஒரு வரி தெரியுற அளவு ஜன்னல் வெட்டி பக்கத்து மேல வச்சுப் படிக்க விடுங்க, 10 நிமிஷத்துக்கு ஒருதடவ நிறுத்துங்க. முக்கியமா, பிள்ளையோட வயசுக்கான கதைகள நீங்க வாசிச்சுக் காட்டுங்க, கண்ணு தடுமாறுதுங்கிறதுக்காக கதை அதுக்குக் கிடைக்காம போகக்கூடாது.