பிளஸ் டூ முடித்த பிள்ளையை அரசுக் கல்லூரியில் சேர்ப்பது எப்படி? குடியாத்தத்திலிருந்து ஒரு ப்ரவுசிங் சென்டர்க்காரி எழுதுவது

வேலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சி.எம்.சி. தெரியும், வி.ஐ.டி. தெரியும். எங்கள் கடைக்கு வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் படிக்கப்போவது திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிற ஏதாவது ஒரு கலைக் கல்லூரியில். அம்மா பீடி சுற்றுவார், இல்லையென்றால் தீப்பெட்டி ஆலைக்குப் போவார். அப்பா தறியில் இருப்பார், இல்லையென்றால் ஆம்பூரில் ஷூ கம்பெனியில். மே மாதம் ரிசல்ட் வந்ததும் மஞ்சப்பையில் சான்றிதழ்களைப் போட்டுக்கொண்டு வந்து, "இன்னா குரூப்புமா எடுக்கலாம்?" என்று என்னைக் கேட்பார்கள். நானும் பீடி சுற்றுகிற வீட்டில் பிறந்து, இதே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவள் என்பதால் வாயை மூடிக்கொண்டு டைப் மட்டும் அடிக்க முடிவதில்லை.

முதலில் ஒரு விஷயம். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம் என்று கட்டுவது சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். பிள்ளைகள் தடுக்கி விழுவது காகிதத்திலும் பஸ்ஸிலும்தான். அதனால் இந்தக் குறிப்பிலும் அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முன்பு வட ஆற்காட்டுக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்துப் பிழை என்றாலும் சேப்பாக்கத்துக்கு ரயில் ஏற வேண்டும். 2002-இல் வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைப் பிரித்துத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. முதலில் வேலூர்க் கோட்டைக்குள் இயங்கியது, பிறகு காட்பாடியைத் தாண்டிச் சேர்க்காட்டுக்குப் போனது. 2021-இல் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் இதிலிருந்து பிரிந்தன. இப்போது அவை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். நமக்கு மிச்சம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. பரப்பு சுருங்கியது உண்மை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் வளர்ந்ததா என்று பார்க்க நான் கட்டடத்தை எண்ணமாட்டேன், ஊரை எண்ணுவேன். திருப்பத்தூர், அரக்கோணம், வந்தவாசிப் பக்கம் தென்னாங்கூர் என்று பல்கலைக்கழகமே நடத்திய உறுப்புக் கல்லூரிகள் பின்னாளில் அரசுக் கல்லூரிகளாக மாறின. சென்னைக்கு அனுப்ப மனசு வராத அப்பா, பக்கத்து ஊருக்கு அனுப்பச் சம்மதிக்கிறார். எனக்குத் தெரிந்து பல பெண் பிள்ளைகள் படித்தது இந்த ஒரே காரணத்தால்தான்.

ரிசல்ட்டுக்கு முன்பே செய்ய வேண்டியது

பொதுத்தேர்வு முடிந்ததும் சாதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையாக, கையால் எழுதியதாக இருந்தால் இ-சேவை மூலம் டிஜிட்டல் சான்று வாங்கிவிடுங்கள். உதவித்தொகைக்குப் பதிகிறபோது அந்தச் சான்றின் எண்ணைத்தான் கேட்பார்கள். ஒரு சான்றுக்கு 60 ரூபாய். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று அப்படியில்லை, ஒரு வருஷம்தான் செல்லும். அதைப் போன ஜூனில் வாங்கி வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் ஆகஸ்டில் ஓடுவார்கள்.

விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மேசையாக நகரும். ரிசல்ட் வந்த வாரத்தில் தாலுகாவே விண்ணப்பிக்கும். உங்களுடையது அந்தக் குவியலுக்கு அடியில் இருக்கும். ஏப்ரலில் போட்டால் சத்தமில்லாமல் வந்துவிடும்.

ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியர்தான் தர வேண்டும். நேரில் விசாரணை உண்டு, நாள் பிடிக்கும். மலையாளி சமூகத்தைப் பழங்குடியாகச் சொல்லும் அரசுப் பட்டியலில் வட ஆற்காடு என்ற பழைய மாவட்டப் பெயரே இன்னமும் இருக்கிறது. இன்று உங்கள் ஊர் திருப்பத்தூர் மாவட்டமோ திருவண்ணாமலை மாவட்டமோ, அதனால் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்பா, பெரியப்பா, அத்தை என்று வீட்டில் யாருக்குச் சான்று இருந்தாலும் அதன் நகலை இணைத்துவிடுங்கள். பிளஸ் ஒன் சேர்ந்த கையோடு இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. சான்றில் லெப்பை, தக்காணி, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் இருந்தால்தான் 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவீர்கள். பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று சான்று கையில் வந்த அன்றே பாருங்கள்.

முதல் பட்டதாரிச் சான்று வேண்டும் என்று பாதிப் பேர் வருகிறார்கள். அது பெரும்பாலும் பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புகளின் கல்விக் கட்டணச் சலுகைக்கானது. கலைக் கல்லூரிக்கு மட்டும் போகிற பிள்ளைக்கு அதற்காக அலைவது அவசியமில்லை. நான் சொன்னால், "எல்லாரும் எடுக்குறாங்களே அக்கா" என்பார்கள். சரி, எடுத்துக்கொள்ளட்டும்.

பெயர் விஷயம்தான் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ் புக்கில் அப்பா பெயர் முழுசாக. இதில் பத்தாம் வகுப்புப் பட்டியலைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். அப்படியே அந்தக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளி உதவித்தொகைக்காக ஆறாம் வகுப்பில் திறந்த கணக்கு பல வருஷம் தொடாமல் கிடந்து முடங்கிப்போயிருக்கும். வங்கியில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் நேராக வந்து விழும் கணக்காக அதைப் பதிவு செய்வது வேறு. கவுண்டரில் இரண்டாவதை வாய்விட்டுக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

எந்தக் கல்லூரி?

பெயரைப் பார்க்காதீர்கள், பஸ்ஸைப் பாருங்கள். காலையில் உங்கள் ஊரிலிருந்து எத்தனை மணிக்கு முதல் பஸ், சாயந்திரம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் என் கடைக்கு வர வேண்டும் என்பேன். பல அரசுக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை உண்டு. காலை ஷிப்ட் கிடைத்தால் மதியத்துக்கு மேல் கடை வேலைக்கோ தறிக்கோ போகிற பையனுக்கு வசதி. மதிய ஷிப்ட் என்றால் பேரணாம்பட்டைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்ப் பெண் வீடு சேர இருட்டிவிடும். இதைக் கலந்தாய்வு மேசையில் போய் யோசிக்கக் கூடாது.

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் எப்படியும் கட்டணம் இல்லை. ரயிலைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போக இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம்; கல்லூரிப் பையன்களுக்குச் சலுகைக் கட்டணம். கல்லூரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி, அரக்கோணம் எல்லாம் ஒரே தடத்தில் இருக்கின்றன. பாசஞ்சர் ரயில் நேரம் மட்டும் ஒத்துவந்தால் பஸ்ஸை விட இது எவ்வளவோ மேல்.

இங்கே குடியாத்தத்தில் அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது. வேலூர் ஓட்டேரியில் முத்துரங்கம் அரசுக் கல்லூரி, வாலாஜாவில் அறிஞர் அண்ணா அரசு மகளிர் கல்லூரி, செய்யாற்றிலும் திருவண்ணாமலையிலும் அரசுக் கல்லூரிகள். இவற்றுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பமும் பதிவும் சேர்த்து 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு வெறும் 2 ரூபாய். என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிறேன், ஆனால் போனிலேயே செய்துவிடக்கூடிய வேலைதான் இது.

தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எளிது. பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பார்கள், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை. மற்றவற்றுக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களை 400-க்குக் கூட்டுவார்கள். மொத்த மதிப்பெண் குறைவு, ஆனால் தமிழில் மட்டும் 95 என்று ஒரு பிள்ளை வந்தால் நான் பி.ஏ. தமிழை முதலில் போடச் சொல்வேன். பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டும்தான் முதல் நாளே நிரம்பும். தாவரவியல், வரலாறு எல்லாம் கடைசிச் சுற்றுவரை காத்திருக்கும். கலந்தாய்வை அந்தந்தக் கல்லூரியிலேயே நடத்துவார்கள். மாற்றுத்திறனாளி, விளையாட்டு, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள், என்.சி.சி. ஆகியோருக்குப் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே தனி நாள். எஸ்.எம்.எஸ். வருகிற நம்பர் அப்பா லோடுக்குப் போகும்போது எடுத்துப்போகும் நம்பராக இருக்கக் கூடாது.

ஊரீசு, ஆக்சிலியம், டி.கே.எம்., திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் போன்ற உதவிபெறும் கல்லூரிகளுக்கு நேரடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே போனால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த சீட் எய்டடா (அரசு உதவிபெறுவதா), செல்ஃப் பைனான்ஸா (கல்லூரி தன் கட்டணத்தில் தானே நடத்துவதா)? பாடம் ஒன்றாக இருக்கலாம், வாத்தியார்கூட ஒருவராக இருக்கலாம், கட்டணம் மட்டும் எங்கேயோ இருக்கும்.

சேர்ந்த பிறகு

சேர்ந்ததும் கல்லூரியில் யுமிஸ் எண் போடுவார்கள்; கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண் அது. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லா உதவித்தொகைக்கும் அதுதான் சாவி. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார்; அவரைத் தேடிப் போவது பிள்ளையின் வேலை. நடுவில் எட்டாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் படித்திருந்தால் கிடைக்காது, அதற்கு யாரிடமும் சண்டை போட்டுப் பயனில்லை.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பீடித் தொழிலாளி அட்டை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறை தரும் உதவித்தொகை வேறு இருக்கிறது, தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். குடியாத்தத்தில் பாதித் தெருவுக்குத் தகுதி உண்டு, விண்ணப்பிக்கிறவர்கள்தான் குறைவு. அம்மா கமிஷன்காரரிடம் இலை வாங்கிச் சுற்றுகிறார், அட்டையே இல்லை என்றால் முதலில் அட்டைக்கு வழி பாருங்கள்.

பஸ் சரிப்பட்டு வராத பிள்ளைக்கு விடுதி. ஆதிதிராவிடர் நல விடுதி, பி.சி. விடுதி என்று நாம் சொல்லி வந்ததைத்தான் 2025-இலிருந்து சமூக நீதி விடுதி என்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது பையன்களுக்கு மட்டும்தான், பெண்களுக்குத் தூரக் கணக்கு கிடையாது.

முதல் செமஸ்டரில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அரியர் விழும். தமிழ்வழியில் வந்த பிள்ளை நவம்பர் தேர்வில் பயந்துபோய் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 100-க்கு 40 எடுத்தால் தேர்ச்சி, அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதலாம், அதற்காக டி.சி. வாங்க வேண்டியதில்லை என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். வருகைப்பதிவு மட்டும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாண சீசனில் சமையல், பந்தல் வேலைக்குப் போகிற பையன்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் வந்த அன்றே பெயர், பிறந்த தேதி பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் படிக்கும்போதே கல்லூரி அலுவலகம் வழியாகத் திருத்துவது எளிது. முடித்துப் போய் நாலு வருஷம் கழித்து, டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்த பிறகு சேர்க்காட்டுக்கு ஓடுகிறவர்களுக்குப் படிவம் டைப் செய்தே எனக்கு ஒரு மாத வாடகை தேறும். மூன்றாம் வருஷம் முடிந்ததும் தற்காலிகச் சான்று போதும் என்று விட்டுவிடாமல் பட்டத்துக்கும் விண்ணப்பம் போடுங்கள். அந்தப் படிவத்தில் வீட்டு முகவரி கேட்பார்கள். வாடகை வீடு மாறப்போகிறீர்கள் என்றால் தாத்தா வீட்டு முகவரியைக் கொடுங்கள்.