அல்ஹம்ராவில் அண்ணாந்து பார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்

“ஸ்பெயினுக்கு எதுக்கு மவளே, அந்தக் காசுக்கு மக்காவுக்குப் போயி இன்னொரு உம்ரா செஞ்சிரலாமே?” என்றுதான் உம்மா முதலில் கேட்டார். கிரனடா நகரத்தின் குன்றின் மேல் ஒரு சுல்தான் அரண்மனை இருக்கிறது, அதன் சுவர் முழுக்க ஓதுற எழுத்து இருக்கிறது என்று படம் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். நாங்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். உம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவரை வைத்துக்கொண்டு அல்ஹம்ராவைப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை, வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். வளாகத்தில் சுல்தான்கள் வாழ்ந்த பகுதியான நஸ்ரிய அரண்மனைகளுக்குள் போக உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட நேரம் தருவார்கள்; அதைத் தவறவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால் வாரக்கணக்கில் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். விசா கையில் வந்த அன்றே உட்கார்ந்து வாங்கிவிடுங்கள். தோட்டங்களுக்கும் கோட்டைக்கும் மட்டும் என்று ஒரு டிக்கெட் உண்டு, அது அவசரத்தில் கண்ணை ஏமாற்றும். அரண்மனையும் சேர்ந்த பொது டிக்கெட்டையே எடுங்கள்.

டிக்கெட்டில் ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு போக வேண்டும். நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்: உம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்ததை மறந்து, போனில் கிடந்த பழைய படத்தைப் பார்த்து எண்ணை அடித்துவிட்டேன். முந்தைய நாள் ராத்திரிதான் கவனித்தேன், தூக்கமே இல்லை. பழைய பாஸ்போர்ட்டும் பெட்டியில் இருந்ததால் இரண்டையும் காட்டி உள்ளே போனோம். நீங்கள் அந்தப் பதற்றத்துக்கு இடம் வைக்காதீர்கள். நம்மவர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது வாப்பாவின் பெயர் அங்கே இருக்கும். எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை ஒட்டியே நிரப்புங்கள்.

ஊருக்குள்ளிருந்து குன்றேறிப் போகும் பாதை அழகுதான், ஆனால் மூட்டு வலிக்காரர்களுக்கு வேண்டாம். சி30 என்ற சிறிய பேருந்து மேலேயே கொண்டு விடும். டிக்கெட் கையில் இருந்தால் கடைசி வரை போகாமல் நீதி வாசல் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து அரண்மனை பக்கம். பிரதான நுழைவிலிருந்து நடந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுல்தான் முதலாம் யூசுஃப் 1348-இல் கட்டி முடித்த அந்த வாசலின் வெளி வளைவில் ஒரு விரித்த கை, உள் வளைவில் ஒரு சாவி செதுக்கியிருக்கும். நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள், உள்வழி மடங்கி மடங்கி மேடேறும்.

காலை முதல் நேரம் கிடைத்தால் விடாதீர்கள். குழுக்கள் நிறைவதற்குள் உள்ளே போய்விடலாம். நுழைவதற்குத்தான் நேரக் கட்டுப்பாடு. நுழைந்த பின் யாரும் துரத்துவதில்லை. ஆனால் ஒரு முறை வெளியே வந்தால் மறுபடி போக முடியாது. ஆகவே கூட்டம் இழுக்கும் வேகத்தில் நகராமல் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துப் போங்கள். நான் சொல்லும் யோசனைகளில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்.

சுவரில் எதைத் தேடுவது? ‘வலா ஃகாலிப இல்லல்லாஹ்’, ‘அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை’. 1238-இல் இங்கே கோட்டையைத் தொடங்கிய முதலாம் முஹம்மதின் நஸ்ரிய வம்சம் தன் முத்திரையாக வைத்துக்கொண்ட வாசகம் அது. சுதை வேலையில், ஓட்டில், மரத்தில் என்று எண்ண முடியாத இடங்களில் வரும். அரபு படிக்கத் தெரியாதவர்களும் முதல் அறையிலேயே அதன் வடிவத்தை, நீண்டு நிமிர்ந்த ‘லாம் அலிஃப்’ கொம்புகளை, மனதில் பதித்துக்கொண்டால் போகப் போக அதுவே கண்ணில் படும். மதரசாவில் ஓதிப் பழகியவர்களுக்கும் உடனே பிடிபடாது. எழுத்துக்குள் கொடியும் பூவும் பின்னியிருக்கும். உம்மா விரலைக் காற்றில் ஓட்டி ஓட்டித்தான் கூட்டிப் படித்தார். தொட வேண்டாம். நூற்றாண்டுகள் தாண்டி நிற்கும் சுதை அது.

மெஷ்வார் என்ற முதல் மண்டபத்தின் கோடியில் ஒரு சிறிய தொழுமிடம் தெரியும். அது மட்டும் கட்டடத்தின் போக்கிலிருந்து திரும்பி நிற்கும், தொழும் திசையான கிப்லாவை நோக்கி. பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

அடுத்த முற்றத்தில் ஒரே மாதிரி இரண்டு வாசல். இடது பக்க வாசல்தான் உள்ளே கொண்டு போகும். இருட்டான, வளைந்த வழியில் நடந்து, திரும்பினால் நீண்ட குளமும் வெளிச்சமும். குளத்தின் இரு முனையிலும் உள்ள வட்டக் கல்தொட்டியைக் குனிந்து பாருங்கள். ஊற்று நீர் நேராகக் குளத்தில் விழாது. சுற்றி ஓடி, வேகம் தணிந்து, அலை எழுப்பாமல் நழுவி இறங்கும். அதனால்தான் எதிரே நிற்கும் கோமாரெஸ் கோபுரம் தண்ணீரில் கலையாமல் தெரிகிறது.

அந்தக் கோபுரத்துக்குள் இருப்பது, பிற நாட்டுத் தூதர்களைச் சுல்தான் சந்தித்த தூதர் மண்டபம். இங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள். சுமார் பதினொரு மீட்டர் சதுரம், பதினெட்டு மீட்டர் உயரம். மேற்கூரை எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மரத்துண்டுகளை நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோத்துச் செய்தது. ஏழு வானங்களைக் காட்டுவதாக அறிஞர்கள் சொல்கிறார்கள். கூரைக்குச் சற்றுக் கீழே மரத்தில் ஓடும் எழுத்தைப் பைனாகுலரில் பிடித்தேன். உம்மாவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “தபாரகல்லதீ...” என்று மெல்ல ஓதத் தொடங்கினார். குர்ஆனின் சூரத்துல் முல்க் அத்தியாயம். ராத்திரி படுக்கும் முன் எங்கள் வீட்டில் ஓதாத நாள் கிடையாது. நான் அர்த்தம் தெரியாத வயதில் அவர் மடியில் கேட்டுப் பாடமானது. ஏழு வானங்களை அடுக்கடுக்காகப் படைத்தவன், பார்வையைத் திருப்பிப் பார், பிளவு ஏதும் தெரிகிறதா என்று அந்த சூரா கேட்கிறது. கேள்விக்கு மேலேயே அந்த வானத்தை மரத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். கழுத்து வலித்தது, இரண்டு பேரும் நகரவில்லை.

சிங்க முற்றத்தில் கூட்டம் எப்போதும் உண்டு. பன்னிரண்டு சிங்கம், 124 தூண். ஐந்தாம் முஹம்மதின் காலத்து வேலை. சிங்கங்களைப் படம் எடுத்த பின் தொட்டியின் விளிம்பையும் பாருங்கள். அமைச்சரும் கவிஞருமான இப்னு ஸம்ரக்கின் வரிகள் சுற்றி வரும்: ஓடுவது நீரா பளிங்கா என்று பிரித்தறிய முடியவில்லை என்று பாடுகிறார்.

1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் நகரத்தைக் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைத்தார். பின்னால் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸ் எழுப்பிய பெரிய கல் மாளிகையும் வளாகத்திலேயே இருக்கிறது. வட்ட முற்றத்தை எட்டிப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். அல்கஸாபா கோட்டையின் கோபுரம் குறுகிய படி. உம்மாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஏறினேன். தெம்பை ஹெனரலிஃபே தோட்டத்துக்கு மிச்சம் பிடியுங்கள். அங்கே ஒரு படிக்கட்டின் கைப்பிடிச் சுவரிலேயே தண்ணீர் வாய்க்காலாக ஓடி வரும். டாரோ ஆற்றை மேலே மறித்துக் குன்றைச் சுற்றிக் கொண்டுவந்த ராஜ வாய்க்காலின் நீர்தான் அரண்மனை முழுக்க. உம்மா விரல் நுனியை நனைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

மாலைக்கு எதிர்க் குன்றான அல்பைஸினுக்குப் போங்கள். சான் நிக்கோலாஸ் மேட்டை ஒட்டி, 2003-இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது. நாங்கள் அங்கே அந்தித் தொழுகையான மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது எதிரே அல்ஹம்ராவில் விளக்கு போட்டிருந்தார்கள். உம்மா சதுரமான பெரிய கோபுரத்தைக் காட்டி, “அதுக்குள்ளதானே நம்ம சூரா இருக்கு?” என்றார். அதேதான். கீழே இறங்கும் தெருக்கள் முழுக்கக் கூழாங்கல் பாவியவை, இருட்டில் வழுக்கும். பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேருந்துக்குக் காத்திருங்கள்.