கிளிரிசீடியா விறகுத் தோட்டத்துக்கு மரச்சாம்பல் இடும் முறை

இலங்கையில் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் அறிவிக்கப்பட்ட கிளிரிசீடியா, தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் விறகாகப் பயன்படக்கூடியது. அந்த விறகோடு தோட்டத்தை விட்டுப் போகும் பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம், பொசுபரசு ஆகியவற்றில் பெரும்பகுதி அடுப்பின் அடியில் சாம்பலாகத் தங்கிவிடுகிறது. அதைக் குப்பைமேட்டில் கொட்டாமல், விறகு வந்த நிலத்துக்கே திருப்பியனுப்புவதுதான் முறை. நைதரசன் மட்டும் எரியும்போது காற்றோடு போய்விடும். ஆனால் கிளிரிசீடியா அவரைக் குடும்பத்துப் பயிர் என்பதால் வேர்முடிச்சுகளின் வழியாக அதைத் தானே பெற்றுக்கொள்கிறது. வெட்டும்போது இலைகளை நிலத்திலேயே விட்டுவிட்டால் இன்னும் நல்லது. நைதரசனை இவ்வாறு தானே பெறாத யூக்கலிப்டஸைப் பயிரிட்டவர்கள் சாம்பலை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

முதலில் மண்ணின் அமிலத்தன்மையைப் பரிசோதிக்க வேண்டும். சாம்பல் சுண்ணாம்பைப் போல் வேலை செய்வதால், ஈரவலயத்தின் அமில மண்ணுக்கு அது இரட்டை நன்மை தரும். பிஎச் மதிப்பு 6.5ஐத் தாண்டிய நிலத்துக்கு அது தேவையில்லை. சுண்ணாம்புக்கல் மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணுக்கும் பொதுவாக இதே விதி பொருந்தும்.

சாம்பலைத் தெரிவுசெய்வதில் விட்டுக்கொடுப்பு கூடாது. வர்ணம் பூசிய பலகை, மருந்தூட்டிய மரம், பிளாஸ்ரிக், நிலக்கரி ஆகியவை கலந்து எரிந்த சாம்பலை ஒதுக்கிவிடுங்கள். கொதிகலனின் புகைவடிகட்டியில் சேரும் நுண்சாம்பலில் கட்மியம் போன்ற பார உலோகங்கள் செறிந்திருக்கக்கூடும் என்பதால், அடிச்சாம்பலையே பயன்படுத்துவது பாதுகாப்பானது. தணல் முற்றாக அணைந்தபின் அதைச் சலித்து, இலேசாக நீர் தெளித்து, கூரையின் கீழ் சில வாரங்கள் வைத்திருந்தால் அதன் காரம் ஓரளவு தணியும். திறந்தவெளியில் குவித்தால் முதல் மழையிலேயே பொற்றாசியம் கரைந்து ஓடிவிடும்.

அளவைத் தீர்மானிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. உலர்ந்த விறகு எரிந்தபின் அதன் எடையில் ஏறத்தாழ 1 முதல் 3 சதவீதமே சாம்பலாக எஞ்சும். ஆகவே ஆண்டுக்கு 20 தொன் உலர் விறகு தரும் ஒரு ஹெக்டேயருக்குத் திரும்ப வேண்டியது 200 முதல் 600 கிலோகிராம் வரைதான். ஒரு மீற்றர் இடைவெளியில் நட்ட தோட்டத்தில் மரத்துக்கு 100 கிராம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இட்டால், ஹெக்டேயருக்கு ஒரு தொன், அதாவது ஆண்டுக்கு 500 கிலோகிராம் என்ற கணக்கில் இந்த அளவுக்குள் நிற்கலாம். தொழிற்சாலையில் சாம்பல் மிஞ்சிக் கிடக்கிறது என்பதற்காக இதை இரட்டிப்பாக்குவது உரமிடுதல் ஆகாது.

கிளைகளை வெட்டிய பின்னர், மிதமான மழை பெய்யும் காலத்தில், காற்றில்லாத காலைப்பொழுதில் இடுங்கள். கையுறை, முகக்கவசம், கண்ணாடி ஆகிய மூன்றும் கட்டாயம். அடிமரத்தில் படாமல், சரிவின் மேற்பக்கமாக அரைவட்டத்தில் தூவி மண்ணோடு கிளறிவிட வேண்டும். புதிதாக ஊன்றிய தடிகள் வேர்பிடிக்கும்வரை அவற்றுக்கு இடக்கூடாது. ஓடைக்கரைகளையும் தவிர்க்க வேண்டும். யூரியாவையோ அமோனியம் சல்பேற்றையோ சாம்பலுடன் கலந்தால் நைதரசன் அமோனியா வாயுவாக வெளியேறிவிடும் என்பதால், இரண்டுக்குமிடையே மூன்று நான்கு வாரங்கள் விடுங்கள்.

தேயிலை பிஎச் 4.5 முதல் 5.5 வரையான அமில மண்ணையே விரும்பும். எனவே தேயிலை நிரைகளுக்கு நடுவே நிழலுக்காக நட்ட கிளிரிசீடியாவுக்கு இம்முறையைக் கையாளாமல், தனி விறகுத் தோட்டத்துக்கு மட்டும் பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் சாம்பல் இடுவதற்கு முன் மண்ணை மறுபடியும் பரிசோதியுங்கள்.