பழைய வீட்டு நெருப்பிடத்தில் இன்சர்ட்: முன்தரையைக் காப்பது எப்படி?

பழைய செங்கல் நெருப்பிடத்துக்குள் விறகு இன்சர்ட் (உள்ளே செருகி வைக்கும், கதவுள்ள அடுப்பு) பொருத்தப் போகிறவர்கள் புகைபோக்கியைப் பற்றி நிறைய விசாரிப்பார்கள். தரை என்று வந்தால், முன்னால்தான் டைல் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். விழும் நெருப்புக் கங்குகளை டைல் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. சூடு மெல்ல மெல்ல அடியிலுள்ள மரத்துக்கு இறங்கும். வருடக்கணக்கில் சூடேறிக்கொண்டே இருக்கும் மரம் உள்ளுக்குள் கருகி, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். அதனால் மேலே என்ன தெரிகிறது என்பதைவிட அடியில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

படி 1: கையேட்டைப் படியுங்கள்

இன்சர்ட்டின் கையேட்டில் தரைப் பாதுகாப்பு என்று ஒரு பகுதி இருக்கும். சில மாடல்களுக்குக் கங்கிலிருந்து பாதுகாப்பு மட்டும் போதும். எரியாத, இடைவெளி இல்லாத ஒரு பரப்பு இருந்தால் சரி. மற்றவற்றுக்கு வெப்பத்தடையும் வேண்டும். அதற்கு ஓர் ஆர் மதிப்பு (R-value, ஒரு பொருள் சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) கொடுத்திருப்பார்கள். கையேடு இல்லையென்றால், இன்சர்ட்டில் பொருத்தியிருக்கும் உலோகத் தகட்டில் மாடல் எண்ணைப் பார்த்துத் தேடிப் பிடியுங்கள். இது தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம்.

படி 2: அடியில் பாருங்கள்

நிலவறை இருந்தால் டார்ச்சுடன் இறங்கி, நெருப்பிடத்துக்கு நேர் கீழே பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் புகைபோக்கியின் அடிப்பகுதியிலிருந்து தரை உத்தரம் வரை ஒரு செங்கல் வளைவு கட்டி, அதன்மேல் முன்தளம் (நெருப்பிடத்துக்கு முன்னாலுள்ள எரியாத தரை) போட்டிருப்பார்கள். அந்த வளைவைக் கட்டும்போது தாங்கலாகக் கொடுத்த மரப்பலகையைப் பல இடங்களில் எடுக்காமலே விட்டிருப்பார்கள். அது இருந்தால் கழற்றியாக வேண்டும். வளைவு தளர்ந்திருக்கலாம் என்பதால், முதலில் புகைபோக்கி வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சில வீடுகளில் வளைவே இருக்காது. மரத்தின்மேல் கொஞ்சம் காரை, அதற்கு மேல் டைல், அவ்வளவுதான்.

சாம்பல் நிறத்தில் அட்டை போன்ற பழைய பலகை கண்ணில் பட்டால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பரிசோதித்த பிறகுதான் மேற்கொண்டு வேலை.

படி 3: அளவெடுங்கள்

பெரும்பாலும் இன்சர்ட்டின் கதவிலிருந்துதான் அளக்கச் சொல்வார்கள், நெருப்பிடத்தின் வாயிலிருந்து அல்ல. முன்தளம் 18 அங்குலம் இருக்கிறது, இன்சர்ட் 6 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் மிச்சம் 12தான். சாதாரண நெருப்பிடத்துக்கு அமெரிக்க விதி கேட்பது முன்னால் 16 அங்குலம், பக்கவாட்டில் 8. வாய் 6 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்தால் 20, 12. இன்சர்ட்டுக்குக் கையேடு சொல்வதே கணக்கு. குறைகிற இடத்தை முன்பக்கம் நீட்டிக்கொள்ள வேண்டும்.

படி 4: ஆர் மதிப்பைக் கூட்டுங்கள்

அடுக்குகளின் ஆர் மதிப்புகளைக் கூட்டினால் மொத்தம் கிடைக்கும். கே மதிப்பு (k, பொருள் சூட்டை எவ்வளவு கடத்துகிறது என்பதைக் காட்டும் எண்) மட்டும் தந்திருந்தால் தடிமனை அதனால் வகுங்கள். சாதாரணச் செங்கல் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 0.2தான் தரும். கையேடு 1.0 கேட்டால் 4 அங்குலச் செங்கல்கூடப் போதாது! டைலுக்கு அனேகமாக ஒன்றுமே கிடையாது. கனிம நார்ப் பலகை மெல்லியதாக இருந்தாலும் நிறையத் தரும். சிமென்ட் போர்டு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அதன் விவரத்தாளைப் பாருங்கள்.

படி 5: அடுக்குங்கள்

கம்பளம் இருந்தால் அந்த இடத்தில் வெட்டி எடுத்துவிடுங்கள். நார்ப் பலகை மெத்தென்று இருக்கும். அதன்மேல் நேராக டைல் ஒட்டினால் விரிசல் விடும். இடையில் சிமென்ட் போர்டு போடுங்கள். இரண்டு அடுக்குகளின் இணைப்புகளும் ஒரே கோட்டில் வரக் கூடாது. டைலைச் சிமென்ட் கலவையால் ஒட்டுங்கள், டப்பாவில் வரும் பசையால் அல்ல. பழைய தளமும் புதிய தளமும் சேரும் இடத்துக்கு அடியில் ஒரு தகட்டுப் பட்டை கொடுங்கள். விரிசல் விட்டாலும் கங்கு மரத்தைத் தொடாது. ஓரத்துக்கு மரச்சட்டம் வைப்பதானால், அளந்த எல்லைக்கு வெளியே வையுங்கள்.

டைல் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதகரும் காப்பீட்டுக்காரரும் கேட்பார்கள்.

அப்புறம், முதல் சில முறை எரிக்கும்போது, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கீழே போய் உத்தரத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அடுப்பை அணையவிட்டு, அடுக்குகளைச் சரிசெய்யும்வரை மறுபடி மூட்டாதீர்கள்.