சீட்டுல கைவித்தை பழகணுமா? நம்ம வீட்டு கலைப்புலேருந்தே ஆரம்பிங்க

யூடியூப்ல சீட்டு மேஜிக்குன்னு தேடுனா முதல்ல வர்றவங்க பாதி பேரு ரிஃபிள் ஷஃபிள், ஓவர்ஹேண்ட் ஷஃபிள்னு வேற மாதிரி கலைப்புல தான் ஆரம்பிப்பாங்க, நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்து பசங்க அத பாத்து முயற்சி பண்ணிட்டு கை வரலன்னு கட்ட தூக்கி போட்டுடுறாங்க. தேவையே இல்ல லா. தீபாவளிக்கு வீட்டுல உக்காரும்போதும் சரி, சாவு வீட்டுல ராத்திரி முழிச்சிருக்கும்போதும் சரி, நம்ம மாமா சித்தப்பாங்க சீட்ட கலைக்கிறாங்களே, வலது கையில கட்ட பிடிச்சு இடது கையால கொத்து கொத்தா இழுத்துப் போடுறது, மேஜிக்காரங்க அதத்தான் ஹிண்டு ஷஃபிள்னு சொல்றாங்க. தோட்டத்துல வளந்தவன் கைக்கு அது தன்னால வரும், பாக்குறவனுக்கும் பழகுன கலைப்பு தான, சந்தேகமே வராது.

முதல்ல சீட்டு. முழு பிளாஸ்டிக் சீட்டு வேணாம், வழுக்கிக்கிட்டே போவும். பைசைக்கிள் பிராண்டு மாதிரி பேப்பர் சீட்டு வாங்குங்க, ஷோப்பி ஆன்லைன் கடையில கிடைக்கும். போக்கர் சைஸ் 63 மில்லிமீட்டர் அகலம், பிரிட்ஜ் சைஸ் 57 தான், கை சின்னதா இருந்தா பிரிட்ஜ் எடுத்துக்கலாம். நம்ம ஊரு புழுக்கத்துக்கு பேப்பர் சீட்டு சீக்கிரம் ஊறி வளைஞ்சிடும், வேலை முடிஞ்சதும் டப்பாவுக்குள்ள போட்டு மூடிடுங்க, கை வேர்த்திருந்தா கழுவி தொடச்சிட்டு எடுங்க.

இப்ப கலைப்பு. வலது கை மேலேருந்து கட்டோட பின்பக்கத்த, அதாவது உங்க பக்கம் இருக்குற முனைய பிடிக்குது, கட்டைவிரல் ஒரு நீட்டுப் பக்கம், நடுவிரலும் மோதிரவிரலும் எதிர்ப்பக்கம், ஆள்காட்டி விரல மடக்கி மேல வச்சுக்கலாம். இடது கை விரலுங்க முன்பக்கமா வந்து மேல இருக்குற ஒரு கொத்த பிடிக்கும், வலது கை மிச்ச கட்ட உங்க பக்கமா இழுக்கும், கொத்து இடது உள்ளங்கையில விழும். அவ்ளோ தான், திரும்ப திரும்ப.

நல்லா கவனிச்சீங்கன்னா, எவ்வளவு இழுத்தாலும் வலது கை கட்டுக்கு அடியில இருக்குற சீட்டு மாறவே மாறாது. முதல் வித்தை இதுலயே இருக்கு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அடிச்சீட்ட ஓரக்கண்ணால பாத்துக்குங்க, ஆட்டின் ஒம்பதுன்னு வச்சுக்குவோம். கலைச்சிக்கிட்டே எதிர்ல இருக்குறவர்கிட்ட "எப்ப வேணும்னாலும் ஸ்டாப் சொல்லுங்கண்ணே" அப்படின்னு கேளுங்க. அவரு நிறுத்தச் சொன்னதும் வலது கை கட்ட தூக்கி முகத்த அவருக்கு மட்டும் காட்டுங்க, எங்க நிறுத்துனாலும் அதே ஒம்பது தான். பாதி கட்டு போறதுக்குள்ள சொல்ல வைங்க, கடைசி ரெண்டு மூணு சீட்டு வரைக்கும் இழுத்துட்டீங்கன்னா நல்லா இருக்காது.

அடுத்தது கண்ட்ரோல், அதாவது அவரு எடுத்த சீட்ட யாருக்கும் தெரியாம மேல கொண்டு வர்றது. இதுக்குத்தான் நேரம் குடுக்கணும். அவரு சீட்ட பாத்துட்டு உங்க இடது கை குவியல் மேல வைக்கிறாரு. நீங்க கலைப்ப தொடர்ற மாதிரி வலது கை கட்ட அதுக்கு மேல கொண்டு போவும்போது, வலது கட்டைவிரலும் மோதிரவிரலும் அந்த குவியலோட மேல் கொத்து ஒண்ண ஓரத்துல கிள்ளி வலது கட்டுக்கு அடியில சேத்துக்கணும், ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி, அத பிரேக்குன்னு சொல்லுவாங்க. பின்பக்கம் உங்கள பாத்து இருக்குறதால இடைவெளி எதிர்ல இருக்குறவருக்கு தெரியாது. அப்பறம் பிரேக்குக்கு மேல உள்ளத மட்டும் கொத்து கொத்தா இழுத்து போட்டு முடிச்சிட்டு, கிள்ளி வச்ச கொத்த கடைசியா மேல போட்டா அவரு சீட்டு கட்டோட உச்சியில. கிள்ளுற நேரத்துல கை நின்னுச்சோ, கத முடிஞ்சது, அதனால வேகத்த விட ஒரே தாளம் தான் முக்கியம். போன் கேமராவ எதிர்ல நிறுத்தி எடுத்து பாருங்க, கண்ணாடிய விட அது ஒசத்தி, ஏன்னா கண்ணாடி முன்னாடி நம்மளே தப்பு நடக்குற நேரத்துல கண்ண சிமிட்டிடுவோம்.

மூணாவது டபுள் லிஃப்ட், ரெண்டு சீட்ட ஒண்ணா திருப்பிக் காட்டுறது. கட்டு இடது கையில. வலது கட்டைவிரலால பின் ஓரத்துல மேல் ரெண்டு சீட்ட மட்டும் லேசா தூக்கி, அடியில இடது சுண்டுவிரல் நுனிச்சதைய நுழைங்க. இத முன்கூட்டியே பண்ணிடணும், பேசிக்கிட்டு இருக்கும்போது. அப்பறம் ரெண்டையும் ஓரம் சமமா பிடிச்சு புத்தகம் திறக்குற மாதிரி திருப்புங்க, ஒரு சீட்ட எவ்வளவு அலட்சியமா திருப்புவீங்களோ அதே அலட்சியத்தோட.

இப்ப ரெண்டையும் சேருங்க. கண்ட்ரோல் பண்ணி அவரு சீட்டு மேல வந்தாச்சு. டபுள் லிஃப்ட் போட்டு "இதானா?" கேளுங்க, இல்லம்பாரு. திரும்ப கவுத்துட்டு மேல் சீட்ட மட்டும் அவரு கையில குப்புற வச்சு மூடச் சொல்லுங்க. அவரு கண்ண பாத்து ஏதாவது கேளுங்க, சாப்டாச்சான்னு கேட்டா கூட போதும், மனுசன் பதில் யோசிக்கிறப்ப உங்க கைய பாக்க மாட்டான். திறந்தா அவரு சீட்டு.

காசு வச்சு ஆடுற மேசையில மட்டும் இத காட்டவே காட்டாதீங்க, விளையாட்டுக்குக்கூட. அது வித்தை இல்ல, ஏமாத்து. அந்த மாதிரி இடத்துக்கு மலேசியாவுல 1953ஆம் வருசத்து சூதாட்ட விடுதிச் சட்டம் வேற இருக்கு.

இன்னொண்ணு, "இன்னொரு தடவ பண்ணு"ன்னு கண்டிப்பா கேப்பாங்க, பண்ணாதீங்க. மூணு தடவ பாத்தா எந்த வித்தையையும் கண்டுபிடிச்சிடுவேன்னு சொல்லிக்கிட்டு இருந்த பேர் போன மேஜிக்காரரு ஹூடினிய 1922ல சிகாகோவுல டாய் வெர்னன்னு இன்னொரு மேஜிக்காரரு ஒரே சீட்டு வித்தைய திரும்பத் திரும்ப காட்டியே தோக்கடிச்சாரு, நடுவுல சொருகுன சீட்டு ஒவ்வொரு தடவையும் மேல வந்து நிக்கும். அது வெர்னன், அவரு கைக்கு ஆகும். ரொம்ப கெஞ்சுனாங்கன்னா அதையே திரும்ப பண்ணாம, ஆட்டின் ஒம்பது வித்தைய எடுத்து விடுங்க.