பழைய வண்டியில் இண்டிகேட்டர் எரியவில்லையா? கடைக்கு ஓடாதீர்கள்

போன ஐப்பசி மழையில் என் பழைய பைக்கின் இடப்பக்கப் பின் இண்டிகேட்டருக்குப் பேய் பிடித்தது. சுவிட்சைத் தள்ளினால் எரியாது. பிரேக்கை மிதித்தால் மங்கலாக எரியும். முதலில் பல்பை மாற்றினேன். பிறகு, விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கும் ஃபிளாஷரை மாற்றினேன். அதற்கும் மசியாமல் போகவே, இடக்கைப் பிடியில் உள்ள சுவிட்ச் பெட்டியையே புதிதாக வாங்கிப் பூட்டினேன். பேய் அசையவில்லை. கடைசியில் தெருமுனையில் இருக்கும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர், பின் மட்கார்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு போல்ட்டைக் கழற்றினார், அது உட்கார்ந்திருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார், திரும்ப முடுக்கினார். விளக்கு எரிந்தது. "எவ்வளவு அண்ணே?" என்றேன். "ஒரு டீ வாங்கிக் கொடு தம்பி, போதும்" என்றார்.

நான் கழற்றிப் போட்ட பழைய பல்பும் ஃபிளாஷரும் சுவிட்சும் இன்றும் அலமாரியில் கிடக்கின்றன. மூன்றும் நன்றாக வேலை செய்கின்றன.

பதினைந்து, இருபது வயதான வண்டியில் விளக்குத் தகராறு செய்தால், காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருளில் பழுது இருப்பதைவிட, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் போகிற வழியில் பழுது இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் கடைக்காரர் பொருளைத்தான் விற்க முடியும். சுத்தமான எர்த்தை, அதாவது மின்சாரம் வண்டியின் சட்டம் வழியாகத் திரும்பிப் போகும் வழியை, எந்தக் கடையிலும் எடை போட்டு விற்பதில்லை. நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எர்த்தை மறந்துபோவது

வீட்டில் மின்சாரம் வர ஒரு கம்பி, திரும்பிப் போக ஒரு கம்பி. வண்டியில், திரும்பிப் போகும் கம்பியின் வேலையைப் பெருமளவு இரும்புச் சட்டமே பார்த்துக்கொள்கிறது. பேட்டரியின் நெகடிவ் முனை சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கும்; பல்பின் பித்தளை உடம்பும் ஹோல்டர் வழியாக, போல்ட் வழியாக, அல்லது ஒரு சிறு வயர் வழியாக அதே சட்டத்தைத் தொடும். அந்தத் தொடுகை நடக்கும் இடத்தில் துருவோ களிம்போ ஏறிவிட்டால், மின்சாரம் பல்பு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போக வழி தெரியாமல் நிற்கும்.

நிற்கும் என்றா சொன்னேன்? அது நிற்காது. வேறு வழி தேடும். என் வண்டியின் பேய்க்கதை அதுதான். பிரேக் விளக்கும் இடப்பக்க இண்டிகேட்டரும் ஒரே போல்ட் வழியாக எர்த் எடுத்திருந்தன. போல்ட் துருப்பிடித்ததும், பிரேக் விளக்கின் மின்சாரம் சட்டத்துக்குள் இறங்க முடியாமல் பின் இண்டிகேட்டர் பல்புக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தது. அங்கிருந்து இண்டிகேட்டர் வயரைப் பிடித்து முன் இண்டிகேட்டருக்குப் போய், முன்பக்க எர்த்தில் இறங்கியது. அதனால்தான் பிரேக்கை மிதித்தபோது சம்பந்தமில்லாத விளக்கு எரிந்தது. ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று எரிவது, இண்டிகேட்டர் மின்னும்போதெல்லாம் பின்விளக்கும் சேர்ந்து மங்கித் துடிப்பது, இப்படி எது நடந்தாலும் முதல் சந்தேகம் எர்த்தின் மீதுதான் விழ வேண்டும்.

சோதிக்கும் வழி எளிது. இரண்டு மீட்டர் வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவில் மாட்டுங்கள். மறுமுனையை எரியாத பல்பின் பித்தளை உடம்பில் தொடுங்கள். பல்பு உடனே பளிச்சென்று எரிந்தால் பழுது எர்த்தில். பாசிடிவ் பக்கத்தை அந்த வயரால் தொட்டுவிடாமல் இருப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

இதில் பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. டிங்கரிங், பெயின்டிங் முடிந்து புதுசாய் மினுங்கிக்கொண்டு வருகிற வண்டியில் விளக்குகள் எரியாமல் போகும். பெயின்டர் எதையும் கெடுக்கவில்லை. நன்றாக வேலை செய்துவிட்டார், அவ்வளவுதான். போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் ஏறிவிட்டது, பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் சுரண்டி, முடுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் போதும்.

மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை நம்புவது

இது கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு. வயரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைக்கிறார்கள். பீப் என்கிறது. "வயர் நன்றாக இருக்கிறது" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மல்டிமீட்டர் சோதனைக்கு அனுப்புவது மிகமிகச் சிறிய மின்சாரம். வயருக்குள் இருக்கும் இழைகளில் ஒன்றே ஒன்று அறாமல் இருந்தால்கூட அது பீப் என்று கத்தும். அந்த ஒற்றை இழை, காரின் 21 வாட் பல்புக்குத் தேவையான 1.75 ஆம்பியரை ஒழுங்காகக் கொண்டுபோகுமா என்பது வேறு கேள்வி. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட் பார்ப்பதும் இதே ரகம்தான். பல்பு என்ற சுமை இல்லாதபோது துருப்பிடித்த வழியும் 12 வோல்ட் காட்டும்.

விளக்கைப் போட்ட நிலையில் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும், மறுமுனையைப் பல்பின் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அவ்வளவும் வழியில் வீணாகிறது. வழியில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலே, 21 வாட் பல்புக்கு வர வேண்டிய 12 வோல்ட்டில் ஏறக்குறைய 0.8 வோல்ட் காணாமல் போகும். குறைவுதானே என்று தோன்றும். இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். வண்டி பழசாகிவிட்டது, வெளிச்சம் அவ்வளவுதான் என்று பலர் பொறுத்துக்கொள்வது உண்மையில் இந்தத் துருவைத்தான்.

மீட்டர் இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஒரு 21 வாட் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்துக்கொண்டால் அதுவே டெஸ்ட் லேம்ப். வழி பலவீனமாக இருந்தால் அது மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தெருமுனைப் பெரியவர் கையில் இருந்ததும் அது மட்டும்தான்.

ஃபிளாஷர் மீது பழி போடுவது

ஃபிளாஷர் இரண்டு பக்கத்துக்கும் பொது. வலப்பக்கம் ஒழுங்காக மின்னி, இடப்பக்கம் மட்டும் முரண்டு பிடித்தால் ஃபிளாஷரைத் தொடாதீர்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்பது விதி. பழைய வகை ஃபிளாஷருக்குள் சூடானால் வளையும் உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. பல்புகள் இழுக்கும் மின்சாரமே அதைச் சூடாக்கி, விட்டு விட்டு எரிய வைக்கிறது. ஆக, தாளத்தை முடிவு செய்வது பல்புகள்தான். ஒரு பல்பு போனாலோ, எர்த் பலவீனமானாலோ தாளம் தப்பும். சில வண்டிகளில் படபடவென்று அடித்துக்கொள்ளும், சிலவற்றில் மின்னாமல் அப்படியே எரிந்துகொண்டிருக்கும்.

இரண்டு பக்கமும் மின்னவில்லை என்றாலும்கூட முதலில் பேட்டரியைப் பாருங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்னாமல், ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் மின்னுகிறது என்றால் பேட்டரி களைத்துவிட்டது. கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: நான்கு விளக்கும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் சுவிட்சை அழுத்திப் பாருங்கள். அதில் நான்கும் ஒழுங்காக மின்னினால், பெரும்பாலான கார்களில் பல்பு, எர்த், ஃபிளாஷர் மூன்றும் நிரபராதிகள். இண்டிகேட்டருக்கான ஃபியூஸையும் ஸ்டியரிங் அடியில் உள்ள சுவிட்சையும் மட்டும் பார்த்தால் போதும்.

பல்பை அளவு பார்க்காமல் மாட்டுவது

பைக் இண்டிகேட்டரில் பொதுவாக 10 வாட், காரில் 21 வாட். ஹோல்டரில் இரண்டும் ஒன்றுபோல உட்காரும். முன்னால் 10, பின்னால் 21 என்று கலந்துவிட்டால் தாளம் கெடும். சிறிய ஹோல்டரில் 21 வாட் போட்டால் பிளாஸ்டிக் உருகும். பித்தளை வளையத்தில் வோல்ட்டும் வாட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துவிட வேண்டும். மிகப் பழைய ஸ்கூட்டர்களும் பைக்குகளும் 6 வோல்ட்டில் ஓடுபவை என்பதையும் மறக்கக் கூடாது.

பின்விளக்கில் இன்னொரு சிக்கல். அங்கே ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள்: இரவில் எப்போதும் எரிய 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே பக்கவாட்டுக் காதுகள் இரண்டையும் வெவ்வேறு உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அது உள்ளே போகவில்லை என்று காதை அரம் போட்டுத் தேய்த்து மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விளைவு: பின்விளக்கு எப்போதும் கொளுத்திக்கொண்டு எரியும், பிரேக் பிடித்தால் எந்த மாற்றமும் தெரியாது. பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீங்கள் நிற்கப்போவது தெரிய வழியே இல்லை.

முகப்பு விளக்கிலும் இதே ஆசைதான் கெடுக்கிறது. 35 வாட் போட வேண்டிய இடத்தில் 90, 100 என்று ஏற்றுகிறார்கள். கொஞ்ச நாளில் ஹோல்டர் பழுப்பேறும், பிறகு கருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்பு உதிரும். பழைய நூறு சிசி பைக்குகள் பலவற்றில் முகப்பு விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதே இல்லை. எஞ்சினில் உள்ள காயிலிலிருந்து நேராக ஏ.சி. மின்சாரத்தில் எரிகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் வெளிச்சம் மங்குவது அதன் பிறவிக்குணம். அதைப் பழுது என்று நினைத்துப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் உண்டு. பேட்டரிக் கடைக்காரருக்குச் சந்தோஷம், வெளிச்சத்தில் மாற்றமில்லை. மாறாக, வண்டியை விரட்டும்போது பல்புகள் அடுத்தடுத்துப் போனால் சந்தேகிக்க வேண்டியது வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் அது கட்டுப்பாட்டை இழந்துவிட்டது.

எல்.இ.டி. போட்டுவிட்டுத் திகைப்பது

பழைய பைக்கில் எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்டியதும் இரண்டு வினோதங்கள் நடக்கும். முதலாவது, படபடப்பு அல்லது மின்னாமலே எரிவது. 10 வாட் பல்பின் இடத்தில் ஒன்றிரண்டு வாட் எல்.இ.டி. வந்தால் பழைய ஃபிளாஷருக்குச் சூடேற மின்சாரம் போதாது. எல்.இ.டி.க்கென்றே விற்கும் மின்னணு ஃபிளாஷர் இதற்குத் தீர்வு. உண்மையிலேயே கடைக்குப் போக வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பேன்.

இரண்டாவது வினோதம்தான் ஆளைச் சுற்றலில் விடுவது. இடப்பக்கம் போட்டால் நான்கும் சேர்ந்து மின்னும். வயரைத் தவறாக மாட்டிவிட்டோம் என்று நாள் முழுதும் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பார்கள். காரணம் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இண்டிகேட்டர் அடையாள விளக்கு உள்ள வண்டிகளில், அந்தக் குட்டிப் பல்பு இட வயருக்கும் வல வயருக்கும் நடுவே பாலம்போல மாட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் போட்டால் மின்சாரம் அந்தப் பல்பைக் கடந்து வலப்பக்கப் பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். அந்தச் சொற்ப மின்சாரத்தில் பழைய 10 வாட் இழை கண்சிமிட்டக்கூட இல்லை, எல்.இ.டி.க்கோ அதுவே தாராளம். இரண்டு வயரிலிருந்தும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஆளுக்கொன்று வைத்து, இரண்டையும் அடையாள விளக்கின் ஒரு முனையில் சேர்த்து, அதன் மறுமுனையை எர்த் செய்துவிட்டால் நான்கும் சேர்ந்து ஆடும் ஆட்டம் நின்றுவிடும்.

ஃபியூஸ்

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் பெரும்பாலும் எங்கோ வயர் சட்டத்தில் உரசுகிறது என்று பொருள். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகுவதும், எரிய வேண்டியதை மாற்றிவைக்கும் வேலை. அடுத்து எரிவது வயரிங். பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் அது ஓடுகிறது.

உரசுகிற இடத்தைக் கண்டுபிடிக்கப் பைக்கில் ஒரு குறுக்குவழி: விளக்கைப் போட்டுவிட்டு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். வயர்க்கட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் வளைகிற கழுத்துப் பகுதிதான் முதலில் நைந்துபோகும். திருப்பும்போது விளக்கு அணைந்தாலோ ஃபியூஸ் போனாலோ இடம் தெரிந்துவிட்டது. அங்கே வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது சித்திரை வெயில் வரைதான் தாங்கும். பசை இளகி டேப் நழுவும், அடுத்த மழையில் களிம்பு ஏறும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போடுவதற்குக் கூடுதலாக ஆவது பத்து நிமிடம்.

கடைசியாக, வண்டி ஓட்டுபவரின் கண்ணில் படவே படாத விளக்கு ஒன்று இருக்கிறது. பின் பிரேக் பெடலுக்கு அருகில் ஒரு சிறு சுவிட்ச், ஸ்பிரிங் ஒன்றால் பெடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் பிரேக் விளக்கு எரியாது. அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால், 21 வாட் நாள் முழுதும் எரிந்து பேட்டரியைக் குடித்துவிடும். நான் இப்போதெல்லாம் இரவில் கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது, மூடிய ஷட்டர் பின்பக்கம் இருக்குமாறு நிறுத்திப் பெடலை ஒரு முறை மிதித்துப் பார்க்கிறேன். ஷட்டரில் சிவப்பு ஏறி இறங்கினால் சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிடுவேன்.