ஸ்லோ குக்கரில் நாய்க்குச் சமையல்: 15 கிலோ நாய்க்கு மூன்று நாள் சாப்பாடு

ஸ்லோ குக்கரில், அதாவது குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில், கறியும் காயும் வேகவைப்பது பெரிய வித்தை இல்லை. மூடியைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். நாய்ச் சாப்பாடு கெட்டுப்போவது வேறு மூன்று இடங்களில்: கால்சியம் சேர்க்காமல் விடுவது, எலும்போடு போட்டு வேகவைப்பது, சமைத்ததைச் சட்டென்று ஆறவைக்காமல் விடுவது. அதனால் இங்கே வேகவைப்பதைச் சுருக்கமாகவும் இந்த மூன்றையும் விரிவாகவும் பார்ப்போம்.

முதலில் நாய்க்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியவேண்டும். கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு இது: நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70 ஆல் பெருக்கவேண்டும். வருவது சும்மா படுத்திருக்கும் உடலுக்கு ஒரு நாள் வேண்டிய கலோரி. கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு அதை 1.6 ஆல் பெருக்கலாம். 5 கிலோ நாய்க்கு 375, 10 கிலோவுக்கு 630, 15 கிலோவுக்கு 855, 20 கிலோவுக்கு 1,060, 30 கிலோவுக்கு 1,435 கலோரி வரும். ஏசி அறையை விட்டு நகராத லாப்ரடாருக்கு 1.6 அதிகம், 1.2 அல்லது 1.4 போதும். எடை கூடியிருந்தால், இப்போதைய எடையை அல்ல, இருக்கவேண்டிய எடையை வைத்துக் கணக்குப் போடவேண்டும்.

கீழே உள்ள அளவு 15 கிலோ எடையுள்ள, வளர்ந்த, நோயில்லாத நாய்க்கு மூன்று நாளுக்கானது. மொத்தம் ஏறக்குறைய 2,600 கலோரி. 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர் போதும்.

எலும்பும் தோலும் நீக்கிய கோழித் தொடைக்கறி – 1 கிலோ
கோழி ஈரல் – 80 கிராம்
பரங்கிக்காய் – 250 கிராம்
கேரட் – 100 கிராம்
பீன்ஸ் – 100 கிராம்
பச்சரிசி – 250 கிராம்
முட்டை – 2
சூரியகாந்தி எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
முட்டை ஓட்டுத் தூள் – 9 கிராம்
தண்ணீர் – 300 மில்லி (சாதத்துக்கு வேண்டியது தனி)

உப்பு, மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கை பழக்கத்தில் இஞ்சி பூண்டு விழுதை ஒரு கரண்டி போட்டுவிடுபவர்கள் உண்டு. சாம்பார், குழம்பு மீதியை ஊற்றிக் கலப்பதும் அதே தவறுதான். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் அவையும் விலக்கு.

நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறி இதற்குப் பொருந்தும். பல மணி நேரம் வெந்தால் நெஞ்சுக்கறி நார்நாராகக் காய்ந்துபோகும். தொடைக்கறி மென்மையாகவே இருக்கும், துத்தநாகமும் இரும்பும் அதில் கூடுதல். கறிக்கடையில் எலும்பை எடுத்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

நாய்க்கு என்று சொன்னதும் கடைக்காரர் கழுத்து, கால், தலை, முதுகெலும்பு என்று ஒரு பையில் அள்ளிப் போடுவார். விலை மலிவுதான். ஆனால் ஸ்லோ குக்கருக்கு அது ஆகாது. ஆறு மணி நேரத்தில் சதை முழுவதும் கழன்று, பட்டாணி அளவு எலும்புத் துண்டுகள் குழம்புக்குள் சிதறிக் கிடக்கும். வெந்த எலும்பு கூராக உடையும். தொண்டையிலோ குடலிலோ குத்தினால் அறுவைச் சிகிச்சை வரை போகும். கையை விட்டுத் துழாவினாலும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்லமுடியாது. எலும்பு சூப்பு கட்டாயம் வேண்டும் என்றால் தனியே வேகவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மேலே உள்ள 300 மில்லி தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றலாம். அதனால் கால்சியம் வந்துவிடும் என்று மட்டும் நினைக்கவேண்டாம். எலும்பிலிருந்து தண்ணீரில் இறங்குவது மிகக் கொஞ்சம்.

இனி வேகவைப்பது. ஃப்ரீசரில் இருந்த கறியானால் முந்தைய இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைந்த கட்டியை அப்படியே போட்டால், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும். கேரட்டையும் பீன்ஸையும் ஒரு சென்டிமீட்டருக்குப் பொடியாக நறுக்கி அடியில் பரப்புங்கள். ஸ்லோ குக்கரில் கேரட் போன்ற கெட்டிக் காய்கள் கறியை விட மெதுவாகவே வேகும்; சூடு அடியிலும் ஓரத்திலும்தான் அதிகம். அதன் மேல் பரங்கிக்காய், பிறகு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாகக் கறி, நடுவில் ஈரல். 300 மில்லி தண்ணீர் பார்வைக்குக் குறைவாகத் தெரியும். கறியும் பரங்கியும் தாங்களே தண்ணீர் விடும். ஆவியும் வெளியே போகாது. பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமலும் இருக்கட்டும்.

முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்து, பிறகு லோவுக்கு மாற்றி ஐந்து மணி நேரம். அவசரமென்றால் முழுவதும் ஹையில் மூன்றரை மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒருமுறை திறந்தால் இறங்கும் சூடு திரும்ப ஏற இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். கடைசியில் பெரிய துண்டு ஒன்றின் நடுவில் சமையல் தெர்மாமீட்டர் குத்தினால் 74 டிகிரிக்கு மேல் காட்டவேண்டும். வார்ம் என்ற நிலை வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டுமே. அதில் வேகவைக்கக் கூடாது.

மின்வெட்டு நம் ஊரில் யோசிக்கவேண்டிய விஷயம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தும் நாளில் இதை வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால், உடனே எல்லாவற்றையும் பிரஷர் குக்கருக்கு மாற்றி அடுப்பில் முடித்துவிடலாம். வெளியே போய்த் திரும்பும்போது இடையில் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால், வெந்ததுபோல் தெரிந்தாலும் கொட்டிவிடுவதே சரி. பாக்டீரியா விட்டுப்போகும் சில நஞ்சுகள் மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது.

சாதத்தைத் தனியே குழைய வடிப்பது மேல். அரிசியையும் சேர்த்தே ஸ்லோ குக்கரில் போடச் சொல்லும் செய்முறைகள் ஏராளம். ஓரத்தில் கருகி, நடுவில் பசையாகி நிற்கும். தவிர, அந்தக் கெட்டிக் களி ஆறவும் மணிக்கணக்காகும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் அடிக்கடி வரும் இன்னொரு பொருள் ராஜ்மா. ஊறவைத்த ராஜ்மாவை நேரே ஸ்லோ குக்கரில் போடுவது நாய்க்கு மட்டுமல்ல, நமக்கும் ஆபத்து. அதிலுள்ள பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நஞ்சு 100 டிகிரி கொதிநிலையில்தான் அழியும். 80 டிகிரி சூட்டில் மெதுவாக வெந்தால் அதன் வீரியம் கூடவும் செய்யும். போட்டே ஆகவேண்டும் என்றால் ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டுச் சேர்க்கவேண்டும். இந்த அளவில் அதற்குத் தேவையே இல்லை.

இப்போது கால்சியம். ஒரு கிலோ கோழிக்கறியில் பாஸ்பரஸ் 1,800 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். கால்சியம் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். கறியும் சோறுமாகவே வளரும் நாய்களுக்குத் தாடையும் கால் எலும்பும் பலம் குறைவது இதனால்தான். தினமும் தயிர் சாதம் போடுவது இந்தக் குறையைத் தீர்க்காது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு கிராம் தூளில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 9 கிராம் தூள் ஏறக்குறைய 3.4 கிராம் கால்சியம் தரும்; இந்த அளவுக்கு அது போதும். இரண்டு முட்டையின் ஓடே இதற்குச் சரியாக இருக்கும்.

ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலியுங்கள். விரலில் தேய்த்தால் மணல்போல் நெருடக் கூடாது. அதை வேகும்போது போட்டால் அடியில் படிந்து, ஒரு நாள் பங்கில் மொத்தமும் மற்ற நாளில் ஒன்றுமில்லாமலும் போகும். ஆகவே ஒவ்வொரு நாள் பங்கிலும் 3 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டியை ஒட்டி, தனித்தனியே கலக்குங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு இருந்தால் கரண்டிக் கணக்கே வேண்டாம்.

இதோடு உணவு முழுமையாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை இன்னும் குறைவுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி 2013இல் வெளியிட்ட ஆய்வில், நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் செய்முறைகளைச் சோதித்தார்கள். 95 சதவீதத்தில் அவசியச் சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. விதவிதமாக மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்பதும் பலிக்காது, எல்லாச் செய்முறையிலும் குறைவது பெரும்பாலும் அதே சத்துகள்தான். அயோடின் உப்பு போட்டுச் சமாளிக்கலாமே என்றால், கடை உப்பில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச அயோடின் கிலோவுக்கு 15 மில்லிகிராம். அந்த உப்பைக் கொண்டு இந்த மூன்று நாள் தேவையை நிரப்ப 40 கிராமுக்கு மேல் கொட்டவேண்டியிருக்கும்!

கடையில் விற்கும் மல்டிவைட்டமின் சொட்டு மருந்துகள் ஏற்கெனவே முழுமையான உணவு சாப்பிடும் நாய்க்கானவை, இதற்குப் போதாது. வீட்டுச் சமையலைச் சமன் செய்யவென்றே தயாரான வைட்டமின்–தாதுக் கலவை வேண்டும். மேலே உள்ள அளவுகளை அப்படியே கால்நடை மருத்துவரிடம் காட்டி எதை, எத்தனை கிராம் என்று கேளுங்கள். அந்தக் கலவையிலேயே கால்சியம் இருந்தால் முட்டை ஓட்டைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம். வாரத்தில் ஒரு நாள் முழுக் கலவையும், மற்ற நாள் தந்தூரி கோழியும் என்ற ஏற்பாடு வேண்டாம்.

ஈரலை 80 கிராமுக்கு மேல் கூட்டாதீர்கள். வைட்டமின் ஏ அதில் ஏராளம், உடல் அதைச் சேர்த்துவைக்கும். நாளடைவில் அதுவே நஞ்சாகும்.

வெந்ததும் முட்டைகளை அடித்து ஊற்றி, ஹையில் பதினைந்து நிமிடம் மூடிவைத்தால் அவையும் வெந்துவிடும். பிறகு எண்ணெய். குழம்புத் தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள். பி வைட்டமின்களும் டாரின் என்ற அமினோ அமிலமும் அதில்தான் இறங்கியிருக்கும். எல்லாவற்றையும் சாதத்தோடு பிசைந்து, மொத்த எடையைப் பாருங்கள். 2.6 கிலோவை ஒட்டி வரும். அதாவது ஒரு கிராமுக்கு ஒரு கலோரி. தண்ணீர் கூடினால் எடை மாறும் என்பதால் கிண்ணக் கணக்கில் போகாமல், வந்த எடையை மூன்றால் வகுத்து ஒரு நாள் பங்கை எடுப்பதே நம்பகமானது.

ஸ்லோ குக்கரின் உள்ளே இருக்கும் பீங்கான் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அது சூட்டை விடாமல் பிடித்துவைக்கும். நடுவில் இருப்பது இரவு முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். குளிர்ந்த நீரில் இறக்கினால் விரிசல் விடும். அகலமான எவர்சில்வர் தாம்பாளங்களில் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அறை 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விடவேண்டும். மூன்று நாள் வரை அங்கே தாங்கும். இரண்டு மடங்கு சமைத்தால் மறுபாதியை அன்றே ஃப்ரீசரில் வைத்து, இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மறுபடி சூடாக்க ஸ்லோ குக்கர் உதவாது, சூடு ஏறுவதற்குள் நேரமாகிவிடும். அடுப்பில் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் போடுங்கள்.

குட்டிகளுக்கு, சினை நாய்க்கு, சிறுநீரகமோ கணையமோ பாதித்த நாய்க்கு இந்த அளவு பொருந்தாது. அதிலும் லாப்ரடார், ராஜபாளையம் போல உயரமாக வளரும் இனக் குட்டிகளுக்குக் கால்சியம் குறைந்தாலும் கூடினாலும் எலும்பு கோணும். ஒரு வயது தாண்டும் வரை குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் தயார் உணவிலேயே விடுவது நல்லது.

பழைய சாப்பாட்டில் கால் பங்கை மட்டும் மாற்றித் தொடங்கி, ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். மலம் இளகினால் வேகமாக மாற்றிவிட்டீர்கள் அல்லது கொழுப்பு அதிகம். ஃப்ரிட்ஜில் ஆறியபின் மேலே உறையும் வெள்ளைப் படலத்தை வழித்து எடுத்துவிட்டுப் பாருங்கள். மலம் வெளுத்து, சுண்ணாம்புக் கட்டிபோல் உதிர்ந்தால் ஓட்டுத் தூளின் அளவைச் சரிபாருங்கள், பெரும்பாலும் கரண்டி கூடியிருக்கும். கறியைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் காயை ஒதுக்கும் நாய்க்கு, வெந்த காயை மட்டும் மசித்துவிட்டால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாயை எடை போடுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாவிட்டால் பங்கில் பத்து சதவீதம் குறையுங்கள், இடுப்பெலும்பு துருத்தினால் அதே அளவு கூட்டுங்கள். ஓட்டுத் தூளையும் மருத்துவர் சொன்ன கலவையையும் மட்டும் கேட்காமல் குறைக்கவேண்டாம்.